மூல்: நிறுத்து எண்ணும் முறை

க.பொ.த (சாதாரண தரம்) விஞ்ஞானம் – இரசாயனவியற் பகுதி



விஞ்ஞான வினாத்தாளில் மாணவர்கள் பலர் வாசிக்காமலே தாண்டிச் செல்லும் வினா ஒன்று உண்டு. "மூல் எண்ணிக்கையைக் கணிக்குக" என்று தொடங்கும் வினாவே அது. உண்மையில் இப்பகுதிக்குத் தேவைப்படும் கணிதம் கூட்டல், பெருக்கல், வகுத்தல் ஆகிய மூன்று மட்டுமே. ஐந்தாம் ஆண்டில் கற்ற கணிதத்தை வைத்தே இதில் முழுப் புள்ளி பெறலாம். விளங்காமல் இருப்பது கணிதம் அன்று. மூல் என்றால் என்ன என்பதே. அதனைப் படிப்படியாக இங்கு நோக்குவோம்.

இக்கட்டுரையில் சூத்திரங்களும் சமன்பாடுகளும் சொற்களிலேயே தரப்பட்டுள்ளன. ஒவ்வொன்றையும் வாசிக்கும்போது அதற்குரிய குறியீட்டுச் சூத்திரத்தையும் சமப்படுத்திய சமன்பாட்டையும் பக்க ஓரத்தில் நீங்களே எழுதுங்கள். அதுவே உங்களுக்கு முதலாவது பயிற்சி.

1. முதலில் சொற்களைப் பிரித்தறிவோம்

கலைப்பட்டதாரியான எனக்கு விடைத்தாள்களில் முதலிற் கண்ணிற் படுவது இதுதான்: பலர் கணக்கில் தவறுவதில்லை, சொல்லில் தவறுகின்றனர். "மூல" என்று தொடங்கும் சொற்கள் பல இருப்பதே காரணம்.

மூலகம்: ஒரே வகை அணுக்களால் ஆன தூய பதார்த்தம். உதாரணம்: இரும்பு, ஒட்சிசன், காபன்.

மூலக்கூறு: இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட அணுக்கள் பங்கீட்டுவலுப் பிணைப்பினால் இணைந்த துணிக்கை. உதாரணம்: நீர் மூலக்கூறு.

மூலம்: அமிலத்தை நடுநிலையாக்கும் பதார்த்தம். உதாரணம்: கல்சியம் ஒட்சைட்டு.

மூல்: பதார்த்தத்தின் அளவை அளக்கும் அலகு.

முதல் மூன்றும் "மூலம்" என்ற நம் சொல்லடியாகப் பிறந்தவை. நான்காவது அவ்வாறன்று. அது ஜேர்மன் மொழியிலிருந்து வந்த கலைச்சொல்லின் ஒலிபெயர்ப்பு. எனவே மூலுக்கும் மூலத்துக்கும் உறவு எதுவும் இல்லை. "நீரின் மூலம் எத்தனை?" என்று எழுதினால் அதற்குப் பொருளே கிடையாது.

இன்னும் ஓர் எச்சரிக்கை. தமிழ்நாட்டில் அச்சான நூல்களையும் சிலர் வாசிக்கின்றீர்கள். நல்லதே. ஆனால் அங்கு "நிறை" என்பது நாம் திணிவு என்று கூறுவதைக் குறிக்கும். நாம் நிறை என்று கூறுவதை அவர்கள் "எடை" என்பர். நம் மூலகம் அங்கு "தனிமம்", நம் சேர்வை அங்கு "சேர்மம்", நம் மூல் அங்கு "மோல்". விடைத்தாளில் நம் பாடநூற் சொற்களையே பயன்படுத்துக. கலந்து எழுதினால் நிறையும் திணிவும் இடம்மாறி, சரியான விடையும் பிழையாகத் தோன்றும்.

2. எண்ண முடியாததை எவ்வாறு எண்ணுவது?

வீடு கட்டும் ஒருவர் இரும்புக்கடைக்குச் சென்று ஆணி வாங்குகிறார். கடைக்காரர் ஆணிகளை ஒவ்வொன்றாக எண்ணிக் கொடுப்பதில்லை. தராசில் நிறுத்துக் கொடுக்கிறார். ஓர் ஆணியின் திணிவு 2 கிராம் எனின், 1 கிலோகிராமில் 500 ஆணிகள் உண்டு. எண்ணாமலே எண்ணிக்கை தெரிந்துவிட்டது.

இப்போது இரண்டு வகை ஆணிகளை எடுத்துக்கொள்வோம். சிறியது 2 கிராம், பெரியது 6 கிராம். இரண்டிலும் சம எண்ணிக்கை வேண்டுமெனின் என்ன செய்வீர்கள்? சிறியதில் 1 கிலோ வாங்கினால் பெரியதில் 3 கிலோ வாங்குவீர்கள். ஒவ்வோர் ஆணியின் திணிவு 1:3 என்ற விகிதத்தில் இருப்பதால், மொத்தத் திணிவையும் 1:3 என்ற விகிதத்தில் எடுத்தால் எண்ணிக்கை சமமாகும்.

இந்தப் பந்தி நன்றாக விளங்கினால் மூல் பாடத்தில் பாதி முடிந்தது. அணுக்கள் ஆணிகளை விட மிக மிகச் சிறியவை என்பது ஒன்றே வேறுபாடு.

நாம் எண்ணிக்கைகளுக்குப் பெயர் வைப்பதும் வழக்கம். 12 முட்டைகள் ஒரு டசின். 500 கடதாசித் தாள்கள் ஒரு ரீம். பொருளின் பருமனுக்கேற்ப எண்ணிக்கையின் பருமனும் மாறுகின்றது. அணு மிகச் சிறியது. எனவே அதற்கு மிகப் பெரிய "டசின்" ஒன்று தேவைப்படுகிறது. அதுவே மூல்.

3. சாரணுத்திணிவு

ஓர் ஒட்சிசன் அணுவின் திணிவு ஏறத்தாழ 2.656 × 10⁻²³ கிராம். இவ்வாறான எண்களை ஒவ்வொரு முறையும் எழுதிக் கணிப்பது சிரமம். எனவே ஒரு சிறிய அலகைத் தெரிவுசெய்து, அதனோடு ஒப்பிடுகின்றோம். காபன்-12 சமதானி அணுவொன்றின் திணிவின் பன்னிரண்டில் ஒரு பங்கே அவ்வலகாகும். 1961 முதல் உலகெங்கும் இதுவே வழக்கிலுள்ளது. அதன் பெறுமானம் ஏறத்தாழ 1.66 × 10⁻²⁴ கிராம்.

வரைவிலக்கணம்: ஒரு மூலகத்தின் அணுவொன்றின் திணிவு, காபன்-12 சமதானி அணுவொன்றின் திணிவின் 1/12 பங்கைப்போல் எத்தனை மடங்கு என்பதே அம்மூலகத்தின் சாரணுத்திணிவு ஆகும். (சில நூல்களில் இது தொடர்பணுத்திணிவு எனப்படும்.)

ஒட்சிசனின் சாரணுத்திணிவு = 2.656 × 10⁻²³ ÷ 1.66 × 10⁻²⁴ = 16

கிராமைக் கிராமால் வகுத்தோம். ஆகவே சாரணுத்திணிவுக்கு அலகு இல்லை. "16 கிராம்" என்று எழுதினால் பிழை.

இக்கட்டுரைக்குத் தேவையான சாரணுத்திணிவுகள்: ஐதரசன் 1, காபன் 12, நைதரசன் 14, ஒட்சிசன் 16, சோடியம் 23, மகனீசியம் 24, கந்தகம் 32, குளோரீன் 35.5, கல்சியம் 40.

4. சார்மூலக்கூற்றுத்திணிவு

மூலக்கூறிலுள்ள அணுக்களின் சாரணுத்திணிவுகளைக் கூட்டினால் சார்மூலக்கூற்றுத்திணிவு கிடைக்கும்.

நீர் (ஐதரசன் 2, ஒட்சிசன் 1): 2 × 1 + 16 = 18

காபனீரொட்சைட்டு (காபன் 1, ஒட்சிசன் 2): 12 + 2 × 16 = 44

குளுக்கோசு (காபன் 6, ஐதரசன் 12, ஒட்சிசன் 6): 72 + 12 + 96 = 180

ஆனையிறவில் விளையும் கறியுப்பை நோக்குவோம். அது சோடியம் குளோரைட்டு எனும் அயன் சேர்வை. அதில் மூலக்கூறுகள் இல்லை. சோடியம் அயன்களும் குளோரைட்டு அயன்களும் சாலகமாக அடுக்கப்பட்டுள்ளன. எனவே மிக எளிய விகிதத்தைக் காட்டும் ஒரு சோடியம், ஒரு குளோரைட்டு என்பதைச் சூத்திர அலகு எனக் கொண்டு, 23 + 35.5 = 58.5 என்பதைச் சார்சூத்திரத்திணிவு என்கின்றோம். கணிக்கும் முறை ஒன்றே. எனினும் "சோடியம் குளோரைட்டு மூலக்கூறு" என்று எழுதுதல் தவறு.

5. அவகாதரோ மாறிலி

இத்தாலிய விஞ்ஞானி அமேதியோ அவகாதரோ (1776–1856) 1811 இல் ஒரு கருதுகோளை வெளியிட்டார். ஒரே வெப்பநிலையிலும் ஒரே அமுக்கத்திலும் உள்ள வாயுக்களின் சம கனவளவுகளில் சம எண்ணிக்கையான மூலக்கூறுகள் உள்ளன என்பதே அது. அவர் வாழ்ந்த காலத்தில் இக்கருத்துக்கு உரிய மதிப்புக் கிடைக்கவில்லை. அவர் இறந்து நான்கு ஆண்டுகளின் பின், 1860 இல் ஜேர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் நடைபெற்ற மாநாட்டில் கனிசாரோ எனும் மற்றோர் இத்தாலியரே அதன் பெறுமதியை எடுத்துக்காட்டினார்.

அவகாதரோ மாறிலியின் பெறுமானத்தை அவகாதரோ கணிக்கவில்லை என்பதையும் அறிந்துகொள்க. பிரெஞ்சு விஞ்ஞானி பெரின் 1909 இல் அவரை நினைவுகூரும் வகையில் அப்பெயரைச் சூட்டினார்.

அவகாதரோ மாறிலி = 6.022 × 10²³ (ஒரு மூலுக்கு)

இது எங்கிருந்து வந்தது? மேலே கண்ட சிறிய அலகின் பெறுமானம் 1.66 × 10⁻²⁴ கிராம். அவ்வாறான அலகுகள் எத்தனை சேர்ந்தால் 1 கிராம் ஆகும்?

1 ÷ (1.66 × 10⁻²⁴) = 6.02 × 10²³

அவ்வளவுதான். சிறிய அலகைக் கிராமாக மாற்றும் எண்ணே இது. இதனாலேயே 12 அலகு திணிவுள்ள காபன் அணுக்கள் 6.022 × 10²³ சேர்ந்தால் 12 கிராம் ஆகின்றது. 16 அலகு திணிவுள்ள ஒட்சிசன் அணுக்கள் அதே எண்ணிக்கையிற் சேர்ந்தால் 16 கிராம் ஆகின்றது. சாரணுத்திணிவின் எண்ணும் கிராம் எண்ணும் ஒன்றாக வருவது தற்செயல் அன்று.

இவ்வெண் எவ்வளவு பெரிது? இன்று உலகிலுள்ள ஏறத்தாழ 800 கோடி மக்களும் ஒன்றுசேர்ந்து, ஆளுக்கு ஒரு செக்கனுக்கு ஒன்றாக, இரவு பகல் ஓயாது எண்ணினாலும் ஒரு மூல் எண்ணி முடிக்க ஏறத்தாழ 24 இலட்சம் ஆண்டுகள் செல்லும். ஆனால் ஒரு மூல் நீர் 18 கிராம் மட்டுமே. ஒரு மடக்கிற் குடித்துவிடலாம்.

குறிப்பு: 1971 இல் மூல் சர்வதேச அலகு முறைமையில் அடிப்படை அலகாகச் சேர்க்கப்பட்டபோது, "12 கிராம் காபன்-12 இல் உள்ள அணுக்களின் எண்ணிக்கைக்குச் சமனான துணிக்கைகளைக் கொண்ட அளவு" என வரையறுக்கப்பட்டது. பழைய வழிகாட்டிகளில் இதனையே காண்பீர்கள். 2019 மே 20 முதல் அவகாதரோ மாறிலி 6.02214076 × 10²³ என்று நிலையாக வைக்கப்பட்டு, அத்தனை துணிக்கைகளைக் கொண்ட அளவே ஒரு மூல் என மாற்றப்பட்டது. உங்கள் கணித்தல்களில் இதனால் மாற்றம் எதுவும் ஏற்படாது.

6. மூலர்த்திணிவும் தொடர்பும்

ஒரு மூல் பதார்த்தத்தின் திணிவு அதன் மூலர்த்திணிவு எனப்படும். அலகு: கிராம்/மூல். நீரின் சார்மூலக்கூற்றுத்திணிவு 18 (அலகில்லை). மூலர்த்திணிவு 18 கிராம்/மூல்.

நினைவில் வைக்க வேண்டிய தொடர்புகள் இரண்டே:

மூல் எண்ணிக்கை = திணிவு ÷ மூலர்த்திணிவு

துணிக்கைகளின் எண்ணிக்கை = மூல் எண்ணிக்கை × அவகாதரோ மாறிலி

திணிவிலிருந்து எண்ணிக்கைக்குச் செல்ல வேண்டுமெனினும், எண்ணிக்கையிலிருந்து திணிவுக்கு வர வேண்டுமெனினும் மூல் எனும் பாலத்தைக் கடந்தே ஆக வேண்டும். வேறு குறுக்கு வழி தேடாதீர்கள்.

உதாரணம் 1: 36 கிராம் நீரில் உள்ள (அ) மூல் எண்ணிக்கை, (ஆ) மூலக்கூறுகளின் எண்ணிக்கை, (இ) ஐதரசன் அணுக்களின் எண்ணிக்கை யாது?

தீர்வு:
(அ) 36 ÷ 18 = 2 மூல்
(ஆ) 2 × 6.022 × 10²³ = 1.2044 × 10²⁴
(இ) ஒரு மூலக்கூறில் 2 ஐதரசன் அணுக்கள். எனவே 2 × 1.2044 × 10²⁴ = 2.4088 × 10²⁴

உதாரணம் 2: 0.25 மூல் குளுக்கோசின் திணிவு யாது?

தீர்வு: திணிவு = 0.25 × 180 = 45 கிராம்

உதாரணம் 3: 5.85 கிராம் சோடியம் குளோரைட்டில் உள்ள சோடியம் அயன்களின் எண்ணிக்கை யாது?

தீர்வு: 5.85 ÷ 58.5 = 0.1 மூல். ஒரு சூத்திர அலகில் ஒரு சோடியம் அயன். எனவே 0.1 × 6.022 × 10²³ = 6.022 × 10²²

7. சமன்பாட்டை மூலால் வாசித்தல்: சுண்ணாம்புக்கல்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக்கல்லால் ஆனது. காங்கேசன்துறையில் 1990 வரை இயங்கிய சீமெந்துத் தொழிற்சாலைக்கும் இக்கல்லே மூலப்பொருளாக இருந்தது. சூளையில் கல்லைச் சுடும்போது நிகழும் தாக்கம்:

கல்சியம் காபனேற்று → கல்சியம் ஒட்சைட்டு + காபனீரொட்சைட்டு
1 மூல் → 1 மூல் + 1 மூல்
100 கிராம் → 56 கிராம் + 44 கிராம்

உதாரணம் 4: 500 கிலோகிராம் தூய சுண்ணாம்புக்கல்லை முற்றாகச் சுட்டால் கிடைக்கும் கல்சியம் ஒட்சைட்டின் திணிவு யாது?

தீர்வு: 500 கிலோகிராம் = 500 000 கிராம்
கல்சியம் காபனேற்றின் மூல் எண்ணிக்கை = 500 000 ÷ 100 = 5000 மூல்
சமன்பாட்டின்படி கல்சியம் ஒட்சைட்டும் 5000 மூல்
திணிவு = 5000 × 56 = 280 000 கிராம் = 280 கிலோகிராம்

மீதி 220 கிலோகிராம் எங்கே? காபனீரொட்சைட்டாக வளியிற் கலந்துவிட்டது. சூளையில் ஏற்றிய கல்லை விட இறக்கிய சுண்ணாம்பு பாரம் குறைவாக இருப்பதன் காரணம் இதுவே. பொருள் எதுவும் அழியவில்லை.

சுட்ட சுண்ணாம்புக்கு நீர் விட்டால் கொதித்து நீறும். இது வெப்பத்தை வெளியேற்றும் தாக்கம்.

கல்சியம் ஒட்சைட்டு + நீர் → கல்சியம் ஐதரொட்சைட்டு
56 கிராம் + 18 கிராம் → 74 கிராம்

இந்நீறிய சுண்ணாம்பைச் சுவரிற் பூசியபின் அது வளியிலுள்ள காபனீரொட்சைட்டுடன் மெதுவாகத் தாக்கமுறுகின்றது.

கல்சியம் ஐதரொட்சைட்டு + காபனீரொட்சைட்டு → கல்சியம் காபனேற்று + நீர்
74 கிராம் + 44 கிராம் → 100 கிராம் + 18 கிராம்

சூளையில் இழந்த அதே 44 கிராமைச் சுவர் வளியிலிருந்து திரும்பப் பெறுகின்றது. நிலத்திலிருந்து வெட்டிய கல் மீண்டும் கல்லாகவே சுவரில் நிற்கின்றது. மூன்று சமன்பாடுகளையும் மூலால் வாசித்தால் மட்டுமே இது தெரியவரும்.

8. பசளைப் பையில் உள்ள எண்

யூரியாப் பையில் நைதரசன் 46% என அச்சிடப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவ்வெண்ணை நீங்களே கணிக்கலாம்.

யூரியா மூலக்கூறு (காபன் 1, ஒட்சிசன் 1, நைதரசன் 2, ஐதரசன் 4):
12 + 16 + 28 + 4 = 60
நைதரசனின் நூற்றுவீதம் = 28 ÷ 60 × 100 = 46.7%

சந்தையில் விற்கும் யூரியா முற்றிலும் தூயதல்ல. ஆகவே பையில் 46% எனக் காணப்படுகின்றது. 50 கிலோகிராம் பையொன்றில் 23 கிலோகிராம் நைதரசன் உண்டு.

அமோனியம் சல்பேற்று (நைதரசன் 2, ஐதரசன் 8, கந்தகம் 1, ஒட்சிசன் 4):
28 + 8 + 32 + 64 = 132
நைதரசனின் நூற்றுவீதம் = 28 ÷ 132 × 100 = 21.2%
50 கிலோகிராமில் உள்ள நைதரசன் = 10.6 கிலோகிராம்

நைதரசனை மட்டும் கருதினால் ஒரு பை யூரியாவுக்கு இரண்டு பைக்கு மேல் அமோனியம் சல்பேற்று தேவை. (அமோனியம் சல்பேற்று கந்தகத்தையும் பயிருக்கு வழங்குகின்றது என்பதையும் மறக்கலாகாது.) 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அதன்பின் விலை பன்மடங்கு உயர்ந்த காலத்தை உங்கள் வீட்டார் மறந்திருக்கமாட்டார்கள். பையின் விலையை ஒப்பிடுவது போதாது. நைதரசனின் விலையை ஒப்பிட வேண்டும். அதற்கு வேண்டிய கணக்கு உங்கள் கையிலேயே இருக்கின்றது.

9. கிணற்று நீர் அறிக்கையை வாசித்தல்

பயிர் எடுத்தது போக எஞ்சிய நைதரசன் என்னவாகின்றது? மண்ணில் நைத்திரேற்று அயனாக மாறி, நீரிற் கரைந்து கீழிறங்குகின்றது. வெடிப்புகளும் துளைகளும் உள்ள சுண்ணாம்புக்கல் நிலத்தில் அது கிணற்றை எளிதிற் சென்றடையும். மலசலகூடக் குழிகளிலிருந்தும் இவ்வாறே சேரும். குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுதியாக இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

நைத்திரேற்று மிகுந்த நீரிற் பால்மா கரைத்துக் கொடுக்கப்படும் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து அதிகம். குருதியிலுள்ள ஈமோகுளோபின் ஒட்சிசனைக் காவும் ஆற்றலை இழப்பதால் குழந்தையின் தோல் நீலம் பாரிக்கும். இதனை நீலக்குழந்தை நோய் என்பர். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வழங்கும் எல்லை ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று அயன் ஆகும்.

இங்குதான் மூல் அவசியமாகின்றது. சில ஆய்வுகூடங்கள் நைத்திரேற்று அயனின் திணிவை அறிக்கையில் எழுதுகின்றன. வேறு சில, அந்நைத்திரேற்றில் அடங்கிய நைதரசனின் திணிவை மட்டும் "நைத்திரேற்று-நைதரசன்" என எழுதுகின்றன. இரண்டும் ஒரே நீரைக் குறித்தாலும் எண்கள் வேறு.

உதாரணம் 5: ஒரு கிணற்று நீர் அறிக்கையில் நைத்திரேற்று-நைதரசன் ஒரு லீற்றருக்கு 15 மில்லிகிராம் எனக் காணப்படுகின்றது. இந்நீர் மேற்கூறிய எல்லைக்குள் உள்ளதா?

தீர்வு: நைத்திரேற்று அயன் (நைதரசன் 1, ஒட்சிசன் 3) = 14 + 48 = 62
ஒரு மூல் நைத்திரேற்றில் ஒரு மூல் நைதரசன் அணுக்கள் உண்டு.
அதாவது 14 கிராம் நைதரசன் 62 கிராம் நைத்திரேற்றுக்குரியது.
15 மில்லிகிராம் நைதரசனுக்குரிய நைத்திரேற்று = 15 × 62 ÷ 14 = 66.4 மில்லிகிராம்
இது 50 மில்லிகிராமிலும் அதிகம். எனவே எல்லையைத் தாண்டியுள்ளது.

15 என்ற எண்ணை மட்டும் 50 உடன் ஒப்பிட்ட ஒருவர் "நல்ல நீர்" என்று அறிக்கையை மடித்து வைத்துவிடுவார். அவ்வீட்டில் கைக்குழந்தை இருந்தால்? எண்ணை வாசிப்பதற்கு முன் அது எப்பதார்த்தத்தின் திணிவு என்று கேட்பதே இரசாயனவியல் அறிவு. எல்லையையே நைதரசனாக மாற்றினால் 50 × 14 ÷ 62 = 11.3 மில்லிகிராம் ஆகும். 15 இதனுடனேயே ஒப்பிடப்பட வேண்டும்.

நீரைக் கொதிக்க வைத்தால் கிருமிகள் அழியும். ஆனால் நைத்திரேற்று அகலாது. நீர் ஆவியாகக் குறைவதால் செறிவு சிறிது கூடவே செய்யும். இதனையும் வீட்டிற் கூறுங்கள்.

10. விடை எழுதும்போது கவனிக்க வேண்டியவை

(i) "ஒரு மூல் ஒட்சிசன்" என்பது தெளிவற்ற கூற்று. ஒட்சிசன் அணுக்கள் எனின் 16 கிராம். ஒட்சிசன் மூலக்கூறுகள் எனின் 32 கிராம். ஒட்சிசன் வாயு எனக் கேட்டால் மூலக்கூறையே கருதுக.

(ii) சூத்திரத்தில் அடைப்புக்குறி இருந்தால் உள்ளே உள்ள ஒவ்வொரு மூலகத்தையும் பெருக்குக. கல்சியம் ஐதரொட்சைட்டு: 40 + 2 × (16 + 1) = 74. இதனை 58 அல்லது 73 எனப் பெறுவோர் அடைப்புக்குறியை மறந்தவர்கள்.

(iii) சமப்படுத்திய சமன்பாட்டின் எண்கள் மூல் விகிதத்தையே காட்டுகின்றன; திணிவு விகிதத்தை அன்று. ஐதரசன் 2 மூலும் ஒட்சிசன் 1 மூலும் தாக்கமுற்று நீர் 2 மூலைத் தரும். திணிவில் அது 4 கிராம் + 32 கிராம் → 36 கிராம். "2 கிராமும் 1 கிராமும்" என எழுதுதல் பெருந்தவறு.

(iv) சமப்படுத்தாத சமன்பாட்டை வைத்துக் கணிக்க வேண்டாம்.

(v) கிலோகிராம், மில்லிகிராம் தரப்பட்டால் முதலிற் கிராமாக மாற்றுக.

(vi) படிமுறைகளை எழுதுக. இறுதி விடை பிழைத்தாலும் சரியான படிகளுக்குப் புள்ளி உண்டு. விடையை மட்டும் எழுதியவருக்கு அப்பாதுகாப்பு இல்லை.

11. பயிற்சி

1. 6 கிராம் மகனீசியத்தில் உள்ள மூல் எண்ணிக்கை யாது?

2. அந்த 6 கிராம் மகனீசியம் முற்றாக எரிந்தால் உண்டாகும் மகனீசியம் ஒட்சைட்டின் திணிவு யாது? தாக்கமுற்ற ஒட்சிசனின் திணிவு யாது?

3. 11 கிராம் காபனீரொட்சைட்டில் உள்ள (அ) மூலக்கூறுகள் (ஆ) ஒட்சிசன் அணுக்கள் எத்தனை?

4. 0.5 மூல் சோடியம் ஐதரொட்சைட்டின் திணிவு யாது?

5. 18 கிராம் நீர், 32 கிராம் ஒட்சிசன் வாயு, 40 கிராம் கல்சியம். இவற்றில் அதிக எண்ணிக்கையான அணுக்களைக் கொண்டது எது?

6. ஒரு கிணற்று நீரில் நைத்திரேற்று-நைதரசன் லீற்றருக்கு 9 மில்லிகிராம். இது எத்தனை மில்லிகிராம் நைத்திரேற்றுக்குச் சமன்?

7. 25 கிராம் தூய கல்சியம் காபனேற்று சிறிது நேரம் வெப்பமேற்றப்பட்டது. எஞ்சிய திண்மத்தின் திணிவு 19.5 கிராம். கல்சியம் காபனேற்றில் எத்தனை வீதம் பிரிகையடைந்துள்ளது?

விடைகள்

1. 0.25 மூல்

2. 10 கிராம், 4 கிராம்

3. (அ) 1.5055 × 10²³ (ஆ) 3.011 × 10²³

4. 20 கிராம்

5. நீர் (அணுக்கள் முறையே 3 மூல், 2 மூல், 1 மூல்)

6. 39.9 மில்லிகிராம்

7. 50% (வெளியேறிய காபனீரொட்சைட்டு 5.5 கிராம் = 0.125 மூல், தொடக்கத்தில் இருந்த கல்சியம் காபனேற்று 0.25 மூல்)

ஏழாவது வினாவை விடையைப் பாராது செய்துமுடித்தவர்கள் இனி மூல் வினாவைத் தாண்டிச் செல்ல வேண்டியதில்லை. செய்ய முடியாதவர்கள் 7ஆம் பகுதியை மீண்டும் ஒருமுறை வாசித்து, வெளியேறிய வாயுவின் திணிவிலிருந்து தொடங்கிப் பாருங்கள்.